ஒரு கை அகலப் பட்டை

தொழுவ வாசலில் நின்று முள்வாரியைக் கழுவிக்கொண்டிருந்த காசியன், மனைவி படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். புர்கி அதைக் கொடியிலிருந்து இழுத்து உதறினாள். போதாதென்று வேலிமேல் போட்டுக் கையால் அடித்தாள். வெள்ளைத் துணியில் லார்ச் மரத்தின் காய்ந்த ஊசியிலைத் துணுக்குகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. லார்ச் மரத்தடியில் கொடி கட்டினால் ஊசி விழத்தான் செய்யும். ஆனால் அது அக்டோபர் மாதத்துச் சங்கதி. மற்ற ஊசியிலை மரங்களைப் போல இல்லை இது. குளிர் வந்தால் மஞ்சளாகி, மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், மே மாதம் புதுசாகத் தளிர்க்கும். இப்போது ஜூன் பிறந்துதான் இருக்கிறது. தளிர் விட்டு ஒரு மாதம்கூட ஆகாத மரத்திலிருந்து காய்ந்த ஊசி எப்படி விழும் என்று புர்கி கேட்டிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"ஏ கிழவா, இங்க வா. இந்த ஊசி நடக்குது."

"என்ன நடக்குது?"

"ஊசிதான். காஞ்ச ஊசி. சுண்டி விட்டேன். கொஞ்ச நேரம் பொணமாட்டம் கெடந்துது, அப்பறம் எந்திரிச்சுப் போவுது."

காசியன் போகவில்லை. ஈஸ்டருக்கு முன்னால்தான் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் கண்ணுக்குத் தெரியாதது இல்லை. தட்டு விளிம்பில் ஒட்டிய பருக்கை தெரிந்தது, அவர் காதுக்குள் முளைத்த முடி தெரிந்தது, எதிர்மலைச் சிலுவையில் உட்கார்ந்திருக்கும் காக்கை தெரிந்தது. கண்ணுக்குள் கத்தியை விட்டவன் உள்ளே எதை வைத்து அனுப்பினானோ என்பது காசியனின் சந்தேகம்.

"காத்தடிச்சா எல்லாந்தான் நடக்கும். அந்த டாக்டரக் கேளு. இன்னிக்கு ஊசி நடக்குது, நாளைக்கு மலை நடக்குமான்னு கேளு."

"காத்து எங்க அடிக்குது இப்ப?"

 மரத்தை அண்ணாந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக முள்வாரியின் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமலே அவருக்குத் தெரியும். வீட்டுக்கு மேலே, செங்குத்தான புல்வெளி முடிகிற இடத்தில் நிற்கும் லார்ச் தோப்பு ஒரு வாரமாக வெளிறிக்கொண்டு வந்தது. முதலில் உச்சிக் கிளைகளின் நுனி. பிறகு தெற்குப் பக்கம். மே நடுவில் கண் கூசுகிற மாதிரி பச்சை விட்ட மரங்கள் இப்போது போன வருஷத்து வைக்கோல் நிறத்தில் நின்றன. காலையில் பால் கறக்கப் போகும்போது ஒருமுறை பார்ப்பார். பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது இன்னொருமுறை. பார்வைக்குப் பார்வை அது கூடிக்கொண்டே போவதாகத் தோன்றும். இல்லை, வெயில் அப்படி விழுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தான் சொல்வதையும் நம்புகிற ஆள் இல்லை அவர்.

அந்தப் பண்ணைக்கு லானர் என்று பெயர். லான் என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு. பண்ணைப் பெயர்தான் ஆளின் பெயரும் என்பதால் ஊரில் காசியனை லானர் என்றே கூப்பிட்டார்கள். மரம் இல்லாத காலத்தில் எந்த முன்னோனையோ பனி அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்புறம் யாரோ புத்தி உள்ளவன் மேலே லார்ச்சை வளர விட்டிருக்கிறான். காசியனின் தாத்தா காலத்திலேயே அவை பெரிய மரங்கள். நடுவில், வீட்டுப் புகைபோக்கிக்கு நேர் மேலே நிற்பதைக் காளை என்பார்கள். இரண்டு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது. குளிர்காலத்தில் மேலே குவியும் பனி முழுக்க அந்தத் தோப்பின் முதுகில்தான் சாய்ந்து கிடக்கும். ராத்திரி வீட்டில் படுத்திருப்பவர்கள் அந்த முதுகை நம்பித்தான் கண்ணை மூடினார்கள்.

எதிர்ச் சரிவில் என்ன நடந்தது என்பதை வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அங்கே இருந்தது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. ஒரு புயலில் பாதி சாய்ந்தது. சாய்ந்ததில் பட்டை வண்டு விழுந்தது. சாயாமல் நின்ற மரங்களுக்கும் வண்டு ஏறியது. மரம் சிவந்து, சாம்பலாகி, பட்டை கழன்று தொங்கியது. வனத்துறைக்காரர்கள் சாயக் குப்பியோடு வந்து மரத்துக்கு மரம் சிவப்புக் கோடு போட்டார்கள். கோடு போட்டதையெல்லாம் வெட்டினார்கள். அதற்கடுத்த குளிர்காலம் பனி அந்த மொட்டைச் சரிவில் நிற்க இடமில்லாமல் ஓடைவரைக்கும் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து விகிலின் வைக்கோல் குடிசை அதன் வழியில் இருந்தது. வசந்தத்தில் அதன் கதவு மட்டும் ஓடைக்குள் கிடந்தது.

அதற்குக் காரணம் வண்டு என்று ஊர் சொன்னது. கோடு என்று காசியன் சொன்னார்.

ஆகவே தோப்பு வெளிறியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குப்பியோடு வருவார்கள். மேலே மரம் இல்லையென்றால் கீழே வீடு இல்லை. அதுவும் இந்த வருஷம்தானா வர வேண்டும்? மகள் ஒட்டிலியா கைக்குழந்தையோடு செப்டம்பரில் இங்கேயே வந்துவிடப் போகிறாள். புருஷனுக்கு அடுத்த ஊர் ரம்ப ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. மாடியில் மலைப்பக்கத்து அறையைக் குழந்தைக்கென்று ஒழித்து, புதுப் பலகை அடித்து, ஒட்டிலியா கிடந்த அதே தொட்டிலை அங்கே வைத்திருந்தார்கள். காசியன் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தொட்டிலைத் தூக்கிப் பள்ளத்தாக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"தொட்டில எதுக்கு மாத்தின?" புர்கி சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்த அறையில ஈரம்."

"ஒட்டிலியா பொறந்தப்ப இல்லாத ஈரம்?"

"இப்ப இருக்கு."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். புதுக் கண்ணால் பார்க்கிறாள் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. ரொட்டியை உடைத்துச் சூப்பில் போட்டுக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வெளியே வந்தபோது விகில் பிடித்துக்கொண்டார். விகில் ஓடைக்கு அந்தப் பக்கம். சின்ன வயதிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. ஆகாததால் ஒருவர் வீட்டில் நடப்பது இன்னொருவருக்கு அத்துப்படி.

"என்னா லானர், உன் தோப்பு நரைச்சுப் போச்சு? உன் தலையப் பாத்துக் கத்துக்கிட்டுதா?"

"பனி கருக்கிடுச்சு. குளிர் சோஃபியா வந்தாள்ல."

மே நடுவில் வரும் குளிர்ப் புனிதர்கள் நாட்களில் கடைசி நாள் சோஃபியாவுடையது. தளிர் கருகினால் அந்த மகராசி தலையில் பழியைப் போடுவது வழக்கம்.

"சோஃபியாவா? அன்னிக்கு நான் சட்டையில்லாம ஒக்காந்து பீர் குடிச்சேன். என் உருளைக்கெழங்குக் குருத்து ஒண்ணு வாடல. உன் பொண்டாட்டி தோட்டத்துல கீரை நிக்குது. அவ நேரா மரத்துல ஏறி உன் லார்ச்ச மட்டும் கருக்கிட்டுப் போனாளா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காசியனும் சிரித்து வைத்தார். "மேல காத்து வேற," என்றார். வீட்டைப் பார்த்து நடந்தார். பனி இல்லை என்று அவருக்கும் தெரியும். பனி இல்லையென்றால் வேறு என்ன? அந்த வார்த்தையை மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தவர், மறுநாள் விடிந்ததும் கைக்கோடாலியையும் பட்டை உரிக்கும் இரட்டைப் பிடிக் கத்தியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். வேலி சரி பண்ணப் போவதாகப் புர்கியிடம் சொன்னார்.

காளையிடம்தான் முதலில் போனார். வண்டு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி பட்டைக்கு அடியில் பார்ப்பது. தாய் வண்டு ஒரு வழியும் அதன் புழுக்கள் கிளை வழிகளுமாக அங்கேதான் குடைந்து வைத்திருக்கும். பெரிய லார்ச்சின் பட்டை லேசில் விடாது. செதில் செதிலாக, உள்ளங்கைத் தடிமனுக்கு மேலாகவே இருக்கும். கோடாலியால் செதுக்கி, கத்தியை இரண்டு கையாலும் இழுத்தார். அடிப்பட்டை ஜூன் மாதச் சாறு ஓடுகிற நேரம் என்பதால் ஈரத் துணி மாதிரி சுலபமாக உரிந்து வந்தது. கீழே மரம் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு தூள் இல்லை. பிசின் வாசனை மூக்கில் ஏறியது.

இல்லை என்றால் நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். வேறொரு ஆளாயிருந்தால் திரும்பியிருப்பான். காசியனுக்கு இல்லாததைப் பார்த்தால் இன்னும் பயம். தெற்குப் பக்கம் வெயில் காய்கிறது, வண்டு அங்கே ஏன் இருக்கப் போகிறது, ஈரமான கிழக்கில் இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் கிழக்கே உரித்தார். வெள்ளை. இவ்வளவு கீழே இருக்காது என்று கொஞ்சம் மேலே உரித்தார். வெள்ளை. பக்கத்து மரங்கள் மூன்றில் ஆளுக்கொரு ஜன்னல் வெட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்படியானால் காளையில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது. நிறம் அதில்தானே அதிகமாகப் போயிருக்கிறது? திரும்பக் காளைக்கே வந்தார். ஒவ்வொரு விடியலிலும், இன்று ஒரு வீச்சுதான், அதோடு விட்டுவிடுவேன் என்று ஏறுவார். கத்தி இறங்கி வெள்ளை தெரிந்ததும், பக்கத்தில் இருக்குமோ என்று இன்னொரு வீச்சு இழுப்பார். உரித்த பட்டையைப் புல்லுக்குள் தள்ளி மூடுவார். கிளையிலிருந்து காய்ந்த ஊசித் துணுக்குகள் கழுத்திலும் கையிலும் விழும். தட்டிவிடுவார். அவற்றில் ஒன்று மணிக்கட்டில் ஏறுவது போலக் கூசியது ஒருநாள். பார்க்காமல் கால்சட்டையில் தேய்த்தார்.

ஜூன் கடைசியில் இயேசுவின் திரு இருதயத் திருவிழா. அன்று இருட்டியதும் பள்ளத்தாக்கு முழுக்க மலைமேல் தீ மூட்டுவார்கள். அதற்கு விறகு ஏற்றுவது முந்தின நாள் வேலை. எந்தப் பாதையில் ஏற்றுவார்கள் என்பதைக் காசியன் மறந்தே போயிருந்தார். அந்தச் சனிக்கிழமை காலை காளையின் வடக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக் குனிந்தபோது பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"அட லானர்! என்னப்பா, மரத்துக்குச் சவரமா?"

விகில் முதுகில் விறகுச் சட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். முகம் சிரித்தபடி இருந்தது. பிறகு மரத்தைச் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சுமையைச் சரித்து இறக்கினார். காளையைச் சுற்றி நடந்து, தொடங்கின இடத்துக்கே வந்து நின்றார்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? உன் வீட்டு மேல நிக்கிற மரத்த நீயே தோலுரிக்கிற?"

"வண்டு தேடறேன்."

வார்த்தை வெளியே வந்துவிட்டது. காசியன் கத்தியைப் பிடித்தபடி நின்றார். இனி இவன் ஊர் முழுக்கச் சொல்வான், குப்பி வரும், கோடு வரும்.

விகில் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருந்துதா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"இல்ல."

"பின்ன ஏன்யா நிறுத்தல?"

காசியன் கத்தியை இறக்கினார். அப்போதுதான், விகில் சுற்றி வந்த அதே வழியாகத் தானும் ஒருமுறை சுற்றி வந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போதுதான் மொத்தத்தையும் பார்த்தார். மரத்தின் இடுப்பைச் சுற்றி வெள்ளை வளையம். வடக்கே மட்டும், கத்தி வைத்திருந்த இடத்தில், ஒரு கை அகலத்துக்குப் பட்டை மிச்சம் இருந்தது. மரம் சாப்பிடுவது பட்டை வழியாக. பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் சாகும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. மேய்ச்சலுக்கு இடம் வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் மரத்தைக் கொல்வார்கள்.

"கத்தியக் குடு," என்றார் விகில்.

காசியன் கொடுத்தார்.

புர்கிதான் வனத்துறைக்குப் போன் பண்ணினாள். விகில் இறங்கும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காசியன் கத்தவில்லை, சாப்பிடவும் இல்லை. திங்கட்கிழமை வந்தவன் பெயர் மைன்ராட். கீழ் ஊர்க்காரன், மரியாதை தெரிந்த பையன். ஜீப்பிலிருந்து இறங்கியபோது காசியன் அவன் கையைத்தான் பார்த்தார். குப்பி இல்லை. பையில் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மைன்ராட் மேலே போய் வெகுநேரம் இருந்தான். கிளைகளை வளைத்துப் பார்த்தான், நாலைந்து கொத்துகளைப் பறித்தான், காளையின் வளையத்தைத் தடவிப் பார்த்தான். சமையலறைக்கு வந்து உட்கார்ந்ததும் புகைக்கறியும் ரொட்டியும் வைத்தாள் புர்கி. அவன் பறித்த கொத்தை மேசையில் போட்டான்.

"இது வண்டு இல்ல பெரியவரே. அந்துப்பூச்சி. அதோட புழு. அரிசியில பாதிகூட இருக்காது."

"அந்தா? துணி தின்னுமே, அதுவா?"

"அந்தச் சாதிதான்னு வச்சுக்கங்க. இது லார்ச்சத் தவிர எதையும் தொடாது. ஜூலையில ஊசிக்கு ஒரு முட்டையா வைக்கும். புழு பொரிஞ்சு வெளியிலயே வராது, நேரா ஊசிக்குள்ள எறங்கிச் சதையத் தின்னு வெறும் கூடாக்கிடும். ஊசி உதிர்றதுக்கு முன்னாடி அந்தக் கூட்ட ஒரு துண்டு கடிச்செடுத்து, சட்டையாப் போட்டுக்கும். சட்டையோட மொட்டுகிட்டப் போயி நூலால கட்டிக்கிட்டுக் குளிர் முழுக்கத் தூங்கும். வசந்தத்துல மொட்டு விரியுதுல்ல, இதுவும் முழிச்சுக்கும். தலைய மட்டும் ஊசிக்குள்ள விட்டுத் தின்னும். ஒடம்பு பெருத்துச் சட்டை பத்தலன்னா இன்னொரு ஊசிய ஒட்டித் தச்சுக்கும்."

"சட்டைய யார் பாத்தா?" என்றார் காசியன். "சட்டை போட்ட புழு. தையக்காரப் புழு. நீங்க ஆபீசுல ஒக்காந்து கதை கட்டி..."

புர்கி எழுந்தாள். ஜன்னல் விளிம்பில் தம்ளர் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதைத் தட்டோடு தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். தட்டில் ஒரு பச்சைக் கொத்தும், வைக்கோல் நிறத்தில் சில துணுக்குகளும் கிடந்தன.

"ரெண்டு வாரமா தெனமும் கொத்து மாத்தி வளக்கறேன்," என்றாள். "நீ வேலி சரி பண்ணப் போனப்பெல்லாம்."

 துணுக்குகள் அசையவில்லை. கடிகாரம் சத்தம் போட்டது. காசியன் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தார். ஒரு துணுக்கின் நுனியில் கறுப்பாக எதுவோ எட்டிப் பார்த்தது. உள்ளே போயிற்று. திரும்ப எட்டியது. பிறகு காய்ந்த ஊசி தன் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி ஆடித் தட்டின்மேல் நடந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பிலிருந்து புர்கி உதறியது இதைத்தான். தன் கழுத்தில் விழுந்ததும், மணிக்கட்டில் ஏறியதும், கால்சட்டையில் தேய்த்ததும் இதுதான். அவர் வண்டு தேடிக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தபோது இது அவர்மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"மரம் செத்துடுமா?" என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே சின்னதாக இருந்தது.

"இதால சாகாது. இது இந்த மலையோட பூச்சி, லார்ச் இருக்கிற காலத்துலேர்ந்து இருக்கு. லார்ச் கன்னுகள எங்கெங்க கொண்டு போயி நட்டாங்களோ, கடல் தாண்டி அமெரிக்கா வரைக்கும், அங்கெல்லாம் கூடவே போயிடுச்சு. அங்க கேக்க ஆளில்லாம காடு காடா அழிச்சுது. இங்க அதுக்கு எதிரிங்க உண்டு. சின்னக் குளவி இருக்கு, குருவி இருக்கு. ஜூலையில பாருங்க, மரம் திரும்பத் தளிர் விடும்."

"இந்த ஊர்ல யாருக்குத்தான் எதிரி இல்ல," என்றாள் புர்கி. "சில சமயம் அவன்தான் கத்தியப் பிடுங்கறான்."

மைன்ராட் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பெரிய மரம் வேற கதை. அதுவும் தளிர் விடும். உள்ள இருப்பு இருக்கிற வரைக்கும் விடும். வேர் பட்டினி கெடக்கிறது மேல தெரிய நாளாகும். அந்த ஒரு கை அகலம் போதுமா போதாதான்னு எனக்குச் சொல்லத் தெரியல, பெரியவரே. வர்ற வசந்தம் பாக்கணும். அதுக்கடுத்த வசந்தமும் பாக்கணும்."

"வெட்டுவீங்களா?"

"எதுக்கு வெட்டணும்? நிக்கட்டும். செத்தாலும் கொஞ்ச காலம் பனியத் தாங்கும். கீழ இளசா நடலாம். நான் ஆள் அனுப்பறேன்."

காளை கொஞ்ச காலம் தாங்கும். இளசு தாங்க ஒரு ஆயுசு ஆகும். இடையில் யார் தாங்குவது என்று காசியன் கேட்கவில்லை.

அவன் சொன்ன மாதிரியே ஜூலையில் தளிர் விட்டது. வைக்கோல் நிறத்துக்குள்ளிருந்து இளம்பச்சை கிளம்பித் தோப்பு முழுக்கப் பரவியது. காளையும் விட்டது. மற்ற மரங்களைவிட அதிகமாகவே விட்டதாகக் காசியனுக்குத் தோன்றியது. அதையும் அவர் நம்பவில்லை. சாகப் போகிற மாடு கடைசி நாளில் நன்றாகத் தின்னும் என்பதைப் பார்த்திருக்கிறார். களிமண்ணையும் சாணியையும் பிசைந்து வளையத்தின்மேல் பூசி, சாக்கால் சுற்றிக் கட்டினார். அந்த ஒரு கை அகலத்தை மட்டும் பூசாமல் விட்டார். விகில் ஒருநாள் ஏறி வந்து, கட்டியிருந்த சாக்கைப் பார்த்து, "இடுப்பு வலிக்குக் கட்டினாப்புல இருக்கு," என்று சொல்லிவிட்டு, தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். சாயங்காலங்களில் கிளைகளுக்கிடையே சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் பறந்தன. கையில் விழுந்தால் தூசி என்று தட்டிவிடுகிற அளவு. முன்பு ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. இருந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

செப்டம்பரில் ஒட்டிலியா வந்தாள். வந்த அன்றே தொட்டிலை மலைப்பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அப்பா, வெயில் இந்த அறையிலதான் வருது. ஜன்னல்ல மரம் தெரியுது. இவ அதப் பாத்துக்கிட்டே அழாம கெடக்கா."

காசியன் புர்கியைப் பார்த்தார். புர்கி வேறெங்கோ பார்த்தாள். ஈரம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒட்டிலியா புருஷன் அறையைச் சுற்றிப் பார்த்து, பலகை நன்றாக அடித்திருக்கிறீர்கள் என்றான். மேலே சாக்கு கட்டின மரத்தைக் காட்டி, அது என்ன என்று கேட்டான். "அடிபட்டிருக்கு," என்றார் காசியன். பொய் இல்லை.

அதன்பிறகு ராத்திரிகளில் அவர் அந்த அறைக்கு வெளியே, மாடிப்படியில், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்ப் படுத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பனி வந்தால் படியில் உட்கார்ந்தவன் என்ன செய்துவிட முடியும்?

அக்டோபரில் தோப்பு மஞ்சளானது. வெயில் பட்டால் மலையில் விளக்கு ஏற்றினது போல இருந்தது. குழந்தை ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டியது. பிறகு ஒரு காற்றில் எல்லாம் உதிர ஆரம்பித்தது. கூரையில், கொடியில், மாட்டின் முதுகில் எங்கும் மஞ்சள் ஊசி. காசியன் காளையையே பார்த்தார். இதுவரைக்குமாவது பச்சையைப் பார்த்துக் கணக்குப் போட முடிந்தது. இனி மே மாதம்வரை எல்லா லார்ச்சும் ஒன்றுதான். உயிருள்ளதும் மொட்டை, செத்ததும் மொட்டை. குளிர் முழுவதும், பனி விழுந்து குவியும் நாளெல்லாம், காளை உயிரோடு நிற்கிறதா செத்து நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசி ஊசிகள் விழுந்த நாளின் மத்தியானம் அவர் புர்கியின் மேல்கோட்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

"மேல வரியா?"

"எதுக்கு?"

"ஒண்ணு பாத்துச் சொல்லணும். எனக்குக் கண்ணு பத்தல."

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். செங்குத்துப் புல்வெளியில் நின்று நின்று ஏறினார்கள். பாறை உச்சிகளில் முதல் பனி வெள்ளையாகத் தெரிந்தது. காளையிடம் வந்ததும் காசியன் கழியைக் கொக்கியாகப் போட்டு ஒரு தாழ்ந்த கிளையை இழுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதுலயும் புழு கட்டியிருக்கா பாரு. அந்தப் பையன் சொன்னான்ல. மொட்டுகிட்ட."

புர்கி குனிந்தாள். கிளையின் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டு போனாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.  கிளை ஆடினால் அவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தார். கீழே வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் லேசாகக் கேட்டு நின்றது.

"இருக்கு," என்றாள்.

"நெசமாவா?"

"இதோ. மொட்ட ஒட்டிக்கிட்டு. இதோ இன்னொண்ணு. வசந்தத்துல இங்க தளிர் வரும்னு கட்டியிருக்கு, பைத்தியம்."

"எங்க?"

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். காசியன் கண்ணைச் சுருக்கி அந்த விரல் வழியே பார்த்தார். நரைத்த கிளை தெரிந்தது. கிளைக்கு அந்தப் பக்கம் பனி ஏறிக்கொண்டிருந்த மலை தெரிந்தது. விரல் நகத்தின் ஓரத்தில் பிசின் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கிளையை விடாமல் பிடித்துக்கொண்டு, விரல் காட்டின இடத்தையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.